காதலிக்கத் தொடங்கினால் நண்பர் குரூப்பில சொல்லலாமா?

கடலோரம்:
ஒருத்தரை விரும்பத் தொடங்கினாப் பிறகு, காலிமுகத்திடலில இஸ்ஸோ வடை சாப்பிட்டதில இருந்து சண்டை பிடிச்சது வரைக்கும் வட்ஸ்அப்பில போடுறது இப்ப வழக்கமாப் போச்சு. என்ர நிலைப்பாடு, வேண்டாம். வெள்ளவத்தையில போடுற ஸ்டேட்டஸை டொரன்டோவில இருக்கிற சித்தி பார்த்தால், அம்மாவுக்குப் போன் வர எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டில நீங்களே சொல்லுற வாய்ப்பு போயிடும். காதலிக்கிறாய் எண்ட கோபத்தை விட, ஊரார் சொல்லித்தான் தெரிய வந்தது எண்ட கோபம் ஆறக் கனகாலம் எடுக்கும்.

கொட்டாஞ்சேனைக்காரி:
தம்பி, ஸ்டேட்டஸ் வேற, நாலைந்து பேர் இருக்கிற குரூப் வேற. குரூப்பில கட்டாயம் சொல்லணும். ஒருத்தருக்கும் தெரியாத காதலில அடக்குமுறை சத்தமில்லாம வளரும். முதல்ல "அவளோட கதைக்காத", பிறகு "பாஸ்வேர்ட் தா", பிறகு "எங்க நிக்கிற, போட்டோ அனுப்பு". உள்ள இருக்கிறவங்களுக்கு அது அக்கறை மாதிரித்தான் தெரியும். தினமும் கதைக்கிற நண்பர்தான் "வகுப்பு முடிஞ்சா எங்களோட வருவியே, இப்ப ஏன் வாறதில்ல?" என்று கேட்பாங்க.

155_பஸ்:
இருவரும் செட்டிங்ஸைப் பார்க்காமல் வாதாடுகிறீர்கள். ஸ்டேட்டஸ் 24 மணிநேரம் நிற்கும். யார் பார்க்கலாம் என்பதை மாற்றினால் அது இனிப் போடுவதற்கு மட்டும்தான். ஏற்கெனவே போட்டதைச் சித்தி பார்த்துக்கொண்டே இருப்பார், அழித்தால்தான் உண்டு. பார்த்தவர் பட்டியலையும் நம்பாதீர்கள். நீல டிக்கை நிறுத்தி வைத்திருப்பவர் பார்த்தாலும் அதில் பெயர் விழாது. ஸ்கிரீன்ஷொட் எடுத்தாலும் உங்களுக்கு அறிவிப்பு வராது. ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படத்தையும் இன்னொரு போனால் படம் பிடிக்கலாம்.

லொகேஷன்தான் எல்லோரும் கோட்டை விடும் இடம். வட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்றுதான். நேரம் முடிய அதுவே நிற்கும். கூகிள் மேப்ஸில் "நிறுத்தும்வரை" என்று ஒரு தெரிவு உண்டு. அதைக் கொடுத்துவிட்டு மறந்தால், பிரிந்த பிறகும் நீங்கள் போகும் வரும் இடமெல்லாம் தெரியும். இணையத்தில் பழகியவரை முதன்முறை சந்திக்கப் போகிறீர்களா? முதலில் வீடியோ கோலில் முகம் பாருங்கள். பகலில், கொழும்பு மெஜஸ்டிக் சிட்டி கடைத்தொகுதி மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். இரண்டு நண்பருக்கு 1 மணி லொகேஷன் கொடுத்து, முடிந்ததும் யார் போன் எடுப்பது என்று முன்பே பேசி வையுங்கள்.

கடலோரம்:
லொகேஷன் விசயம் சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனா குரூப்பில வேற ஒரு கேடு இருக்கு. சண்டை வந்த உடன அவரின்ர மெசேஜை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டு "இதைப் பாருங்கோடி" எண்டு கேட்கிறது. ரெண்டு பேரும் அண்டைக்கு இரவே சமாதானமாயிடுவினம். நண்பர் அந்தப் பாதிக் கதையை வைச்சுக்கொண்டு வருசக்கணக்கா அவரை வெறுப்பினம். அவர் உங்களுக்கு மட்டும் எழுதினது அது. ஊருக்குக் காட்ட உங்களுக்கு உரிமை இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரி:
ஸ்கிரீன்ஷொட் போடுறது பிழைதான். என்ன நடந்தது என்று சொந்த வார்த்தையில சொல்லலாமே; குரூப்பில சொல்லியிருக்கேன் என்று அவருக்கும் சொல்லலாம். ஆனா மிரட்டல் மெசேஜ் என்றா கதை வேற. அதைக் கட்டாயம் காட்டணும்.

155_பஸ்:
அங்கேதான் பலர் பயத்தில் செட்டை (உரையாடலை) அழித்து, ஆளை புளொக் செய்துவிடுகிறார்கள், ஆதாரமும் போய்விடுகிறது. இலக்கம், திகதி, கணக்கின் இணைப்பு எல்லாம் தெரியும்படி முதலில் ஸ்கிரீன்ஷொட், அதற்குப் பிறகுதான் புளொக். வட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' (இணைத்த கருவிகள்) பகுதியையும் திறந்து பாருங்கள். போனை ஒருதரம் இரவல் கொடுத்தபோது கியூஆர் ஸ்கேன் செய்திருந்தால், அவருடைய கணினியில் உங்கள் செட் ஓடிக்கொண்டிருக்கும்; தெரியாத கருவியை உடனே லொக்அவுட் செய்யுங்கள். அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால், 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் அப்படியான படம் இணையத்தில் பரவாமல் தடுக்க உதவும் 'ஸ்டொப் என்சிஐஐ' (StopNCII.org) தளத்தில் பதியலாம். படம் உங்கள் போனை விட்டுப் போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும்தான் போகும். இணையப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) இலக்கம் 101, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

கடலோரம்:
சரி அக்கா, நாலு பேருக்குச் சொல்லட்டும். ஆனா வீட்டில சொல்லும்வரைக்கும் முகம் தெரியிற படம் ஒண்டும் குரூப்பில வேண்டாம். அதில நான் மாறமாட்டன்.