ராத்திரி விளையாடிவிட்டு நடுங்கிய கதை இருந்தால் சொல்லுங்கள்

மண்டபம்:
நானே ஆரம்பிக்கிறேன். ‘ஏலியன்: ஐசோலேஷன்’ 2014-ல் வந்த கேம். நான் கை வைத்தது அதற்கு நாலைந்து வருஷம் கழித்து, ஒரு ஐப்பசி மழையில். விண்வெளி நிலையம் முழுக்க ஓர் ஏலியன் விடாமல் நம்மைத் தேடி அலையும். சுட்டாலும் சாகாது. கையில் இருக்கும் டிராக்கர் கருவி, அது நெருங்க நெருங்க ‘பீப் பீப்’ என்று அடிக்கும். கேமை சேவ் செய்வதுகூட நிம்மதியாக நடக்காது. சுவரில் உள்ள பெட்டியில் கார்டைச் செருகிவிட்டு, மூன்று விளக்கும் ஒவ்வொன்றாக எரியும்வரை நிற்க வேண்டும். அந்தச் சில நொடியில் அது பின்னால் வந்து அடித்துப்போடலாம்.

இரண்டாவது விளக்கு எரியும்போது எங்கள் தெருவில் கரண்ட் போனது. வாடைக்காற்று வேறு. வீடே இருட்டு, மானிட்டர் மட்டும் எரிகிறது. பீப்... பீப்... கேமுக்குள் இல்லை, நிஜமாகவே கழுத்தைத் திருப்பி பீரோ பக்கம் பார்த்தேன். அடித்தது யூபிஎஸ்.

பிறகுதான் அதன் உள்வேலையைப் படித்தேன். அந்த ஏலியனுக்கு இரண்டு மூளை. ஒன்றுக்கு நாம் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் அது ‘இந்தப் பக்கம் போய்த் தேடு’ என்று மட்டும்தான் சொல்லும். இன்னொன்று கண்ணையும் காதையும் வைத்துத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் நாம் ஒளிந்த அலமாரியையே சுற்றிச் சுற்றி வருகிறது, சட்டென்று திறக்கவும் மாட்டேன் என்கிறது.

கீழக்கரை:
நம்மிடம் பிசி எல்லாம் கிடையாது, போனில் ‘கிரானி’தான். பூட்டிய வீடு, கையில் கட்டையோடு ஒரு கிழவி, தப்பிக்க ஐந்து நாள். ஏதாவது கீழே விழுந்தால் போதும், சத்தம் கேட்டு வந்துவிடுவாள். நானும் மச்சானும் லீவுக்கு உம்மம்மா வீட்டில் படுத்தபடி, ஆளுக்கு ஒரு பக்கம் இயர்போனை மாட்டிக்கொண்டு விளையாடினோம். நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறேன், கிழவியின் கால் மட்டும் தெரிகிறது. மச்சான் மூச்சே விடவில்லை. அப்போது பார்த்து நிஜ அடுப்படியில் ஒரு தம்ளர் உருண்டது. நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக ஓர் உருவம்.

தஹஜ்ஜுத் தொழ எழுந்த உம்மம்மா! தொழுகைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்க வந்திருக்கிறார். நான் போனைத் தூக்கி எறிந்ததில் டிஸ்ப்ளே போச்சு. மச்சான் இன்றுவரை கத்தியது நான்தான் என்கிறான். இரண்டு பேரும்தான் கத்தினோம்.

தொண்டி:
எனக்கு இதெல்லாம் பயமே இல்லை. திடீரென்று ஒரு முகம் வரும், ஒரு சத்தம் வரும், அவ்வளவுதானே?

மண்டபம்:
அது பட்டாசு வெடித்தால் தூக்கிப்போடுவது மாதிரி, அண்ணே. இரண்டாம் தடவை வராது. நீங்கள் ‘அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்’ ஆடிப் பாருங்கள், 2010-ல் வந்தது. ஆயுதமே தர மாட்டார்கள். இருட்டில் நின்றால் புத்தி பேதலிக்கும், பேயை உற்றுப் பார்த்தாலும் பேதலிக்கும். விளக்கை ஏற்றலாம் என்றால் எண்ணெய் தீரும். எண்ணெயை மிச்சம் பிடிக்கிற கணக்கு இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும்.

ராமேஸ்வரம்:
மூடுபனியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1999-ல் வந்த ‘சைலண்ட் ஹில்’. தூரத்துத் தெருவை எல்லாம் வரைந்து காட்டுகிற சக்தி பழைய பிளேஸ்டேஷனுக்கு இல்லை. அதை மறைக்கப் பனியைப் போட்டார்கள், அந்தப் பனியே கேமின் உயிராகிவிட்டது. கூடவே சட்டைப்பையில் ஒரு சின்ன ரேடியோ. பிசாசு பக்கத்தில் வந்தால் கொரகொரவென்று இரையும்.

எங்கள் தாத்தா கடலுக்குப் போவதை நிறுத்தியும் பழக்கத்தை விடவில்லை. ராத்திரி டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து முள்ளைத் திருகிக்கொண்டே இருப்பார். இலங்கை ஸ்டேஷன் கொஞ்சம் பேசும், அப்புறம் இரைச்சல், அப்புறம் ஒரு பாட்டு. பிறந்ததிலிருந்து எனக்கு அது தாலாட்டு மாதிரி. இந்த கேமை முடித்த வாரம் திண்ணையிலிருந்து அதே இரைச்சல் வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பத்து நாள் ‘தாத்தா, அதை அணைங்க’ என்று கெஞ்சினேன். காரணம் கேட்டார். என்னவென்று சொல்வது?

பாம்பன்:
என் கதை ‘சப்நாட்டிகா’. பேய் கேம் என்று விற்கவில்லை, கடலுக்கடியில் பிழைக்கிற கேம்தான். ஆனால் மேலே சொன்ன எதுவும் எனக்கு இந்த அளவு பயம் தந்ததில்லை. ஓரம் எல்லாம் அழகான பவளப் பாறை, மீன். கொஞ்சம் தள்ளிப் போனால் கலங்கிய தண்ணீருக்குள் எங்கிருந்தோ ஓர் உறுமல். ரீப்பர் என்று ஒரு ஜந்து. எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. அதையும் தாண்டினால் தரை அப்படியே அறுந்து கீழே போய்விடும், வெறும் நீலம்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அன்று அப்பா வீட்டில் இருந்தார். வலை பொத்திக்கொண்டிருந்தவர் மெல்ல என் பின்னால் வந்து உட்கார்ந்தார். ஆயுசு முழுக்க வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், தொழில் பார்த்தவர். அங்கே ஏழெட்டு பாகத்தில் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) தரை தட்டிவிடும்.

“இப்ப எத்தனை பாகம்?”

திரையில் 150 மீட்டர் என்று இருந்தது. மனதில் கணக்குப் போட்டு, எண்பதுக்கு மேல் என்றேன். உறுமல் கேட்டது. ஹெட்போன் போடவில்லை, அவருக்கும் கேட்டது. அது என்ன ஜந்து என்று அவர் கேட்கவே இல்லை. கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

“தரை தெரியாத எடத்துல என்னடா வேலை? திருப்பு.”

நான் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்ச தூரம் போனேன். அப்பா என் தோளைப் பிடித்தார். பிடி இறுகியது. அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருப்பிவிட்டேன். சேவ்கூடச் செய்யாமல் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது கேட்கிறார்: “அந்தப் பய கரை சேந்தானா?”