குதிரைகள் இழுத்தது எந்தப் பக்கம்? (புதுப்பிப்பு)

போன வாரம் டச்சு ஓவியர் ஆன்டன் மாவ் 1882-இல் வரைந்த, நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் கடற்கரை ஓவியத்தைப் பற்றி எழுதியிருந்தேன். குதிரைகள் மீன்பிடிப் படகைக் கடலுக்குள் இறக்கப் போகின்றன, அது ஒரு புறப்பாட்டுக் காட்சி என்று அடித்துச் சொல்லியிருந்தேன். தப்பு. படகு கரைக்கு வந்துவிட்டது, அதை மணல்மேட்டுப் பக்கம் ஏற்றுகிறார்கள்.

அப்போது ஸ்கெவெனிங்கனில் துறைமுகமே கிடையாது. அதனால்தான் அந்தப் படகுகளுக்குத் தட்டையான அடிப்பாகம். மணலில் சாயாமல் நிற்கும். 1894 டிசம்பர் புயலில் கரையில் நின்ற படகுகள் நொறுங்கிய பிறகு, 1904-இல்தான் துறைமுகம் வந்தது.

என் கண்ணைத் திறந்தது ஓவியர் வான்கோவின் கடிதம். மாவ் அவருக்கு உறவு முறை. மாவ்வின் மனைவி வான்கோவின் ஒன்றுவிட்ட சகோதரி. இந்தப் படத்தைப் பற்றித் தம்பி தியோவுக்கு எழுதும்போது வான்கோ பார்ப்பது படகையல்ல, குதிரைகளை. கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று அடிபட்டுத் தேய்ந்த கிழட்டுக் குதிரைகள். வியர்வையில் நனைந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கின்றன, ஆனால் முனகல் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. நாளைக்கே அடித்துத் தோலுரிக்கக் கொண்டுபோனாலும் சரி என்கிற மாதிரி ஒரு நிற்பு.

அப்புறம் படத்தைத் திரும்பப் பார்த்தேன். நான் ‘கிளம்பத் தயார்’ என்று படித்த அதே நிற்பு, களைப்பு.