"பணம் கட்டி விளையாடவா அனுப்புகிறோம்?" உங்கள் அனுபவம் என்ன?

மதுரையிலிருந்து ஓர் அம்மா:
மகளுக்கு மூன்று வயது. ஜூன் மாதம் மழலையர் பள்ளியில் சேர்த்தோம். இன்றுவரை ஒரு நோட்டுப் புத்தகம்கூட வீட்டுக்கு வரவில்லை. "பணம் கட்டி மண்ணில் விளையாடவா அனுப்புகிறோம்?" என்று மாமியார் தினமும் கேட்கிறார். எதிர்வீட்டுப் பையன் அ, ஆ எழுதுகிறான். ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. இவளோ சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறாள், உதவிக்குப் போனால் கையைத் தட்டிவிடுகிறாள். உங்கள் வீட்டில் எப்படி?

சென்னையிலிருந்து ஒரு மாண்டிசோரி ஆசிரியை:
உங்கள் மாமியாரின் கேள்வி எங்களுக்குப் பழகிப்போனது. எங்களிடம் நீள மரக்கட்டை ஒன்று உண்டு. அதில் பத்துக் குழிகள், அளவெடுத்தாற்போல் பத்து உருளைகள், ஒவ்வொன்றின் தலையிலும் சிறு குமிழ். போன வாரம் மூன்று வயது நிரம்பாத ஒரு பையன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுத் திரும்பப் பொருத்தத் தொடங்கினான். ஒல்லியான உருளை பெரிய குழிக்குள் சுலபமாகப் போய்விட்டது. கடைசியில் கையில் இருந்தது தடித்த உருளை, மிஞ்சியதோ சின்னக் குழி. அழுத்தினான், உள்ளங்கையால் குத்தினான், என்னைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சற்று நேரம் சும்மா இருந்தவன், பெரிய குழிக்குள் லொடலொடவென்று ஆடிய ஒல்லி உருளையை விரலால் அசைத்துப் பார்த்தான். பிறகு அதைப் பிடுங்கினான். பக்கத்தில் இருந்ததையும் பிடுங்கினான். தவறு எங்கே என்று கட்டையே காட்டிவிட்டது, எனக்கு அங்கே வேலையில்லை. அந்தக் குமிழைப் பிடிக்கக் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் சேர வேண்டும். நாளை பென்சில் பிடிக்கப் போவதும் அதே மூன்று விரல்கள்தான். எழுத்து வரவில்லையே என்று தவிப்பவர்கள் முதலில் பிள்ளையின் விரல்களைப் பார்க்கட்டும்.

பிள்ளை தன் கையால் செய்து பார்த்துக் கற்கும் இந்த மாண்டிசோரி முறை நேற்று முளைத்த மோகமும் அல்ல. இதை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக முதல் பள்ளியைத் திறந்தது 1907-இல். 1939-இல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்கும் மூத்த சங்கதி.

தஞ்சைப் பக்கத்து அங்கன்வாடிப் பணியாளர்:
எங்கள் மையத்தில் அந்த உருளையெல்லாம் கிடையாது. தண்ணீர், மண், பாட்டில் மூடி, புளியங்கொட்டை, இவ்வளவுதான். ஒரே அளவு தண்ணீரை ஒல்லி டம்ளரிலும் அகலக் கிண்ணத்திலும் ஊற்றிக் காட்டினால், டம்ளரில்தான் அதிகம் என்று நான்கு வயதுப் பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே இதை ஆராய்ந்திருக்கிறார். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்ற தெளிவு ஏழு வயதை ஒட்டித்தான் வரும் என்றார். அதனால் நான் விளக்கம் சொல்வதில்லை, மாற்றி மாற்றி ஊற்ற விடுகிறேன். தரை நனையும். துடைக்கவும் அவர்களே போட்டி போடுவார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். புளியங்கொட்டையை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கு, காது எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். இரண்டு வயதுக்காரர்களுக்கு அது வேண்டவே வேண்டாம், வாய்க்குள் போகாத பெரிய மூடிகளாகக் கொடுங்கள்.