ஒகேனக்கல் விண்வெளி லிஃப்ட்: ஏப்ரல் 1 அறிவிப்புக்கு எண்களைச் சரிபார்க்க உதவி வேண்டும்

பரிசல்துறை:
வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி அறிவியல் புனைகதை வாசகர்களின் வாட்ஸப் குழுவில் ஏப்ரல் 1க்கு ஒரு விளையாட்டு அறிவிப்பு போடப் போகிறோம். ஒகேனக்கல்லில் விண்வெளி லிஃப்ட் (தரையிலிருந்து விண்வெளி வரை நீளும் கம்பியில் ஏறிப் போகும் பெட்டி) வருகிறது, பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட், முதல் சரக்கு போச்சம்பள்ளிச் சந்தை மாம்பழம். கரு இவ்வளவுதான்.

மூன்று சந்தேகம். அறிவியல் தெரிந்தவர்கள் படித்தால் கணக்கு இடிக்கக் கூடாது, என்னென்ன எண்கள் வேண்டும்? குழுவை விட்டு வெளியே போய்விட்டால் நிஜச் செய்தி என்று யாரும் நம்பாமல் இருக்க என்ன செய்யலாம்? குழு ஆட்களின் பெயரை உள்ளே போடலாமா?

சுழல்விசை:
முதல் கேள்விக்கு மட்டும் நான்.

லிஃப்டின் மேல் நிலையம் இருக்க வேண்டிய இடம் புவிநிலைச் சுற்றுப்பாதை, அதாவது பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் பாதை. அது தரையிலிருந்து 35,786 கி.மீ. லிஃப்ட் பெட்டி மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஏறினால் 7 நாள் 11 மணி நேரம் ஆகும். பலர் ‘சில நிமிடத்தில் விண்வெளி’ என்று எழுதிவிடுகிறார்கள், அங்கேயே கதை உடைந்துவிடும். ஒரு வாரப் பயணம் என்று எழுதினால் சாப்பாடு, படுக்கை, சகபயணிச் சண்டை எல்லாம் தானாகவே உள்ளே வரும்.

இடம் அடுத்த சிக்கல். அந்தப் பாதை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பதால் லிஃப்டுக்குச் சரியான இடம் நிலநடுக்கோடு. அதனால்தான் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் விண்வெளி லிஃப்ட் பற்றிய தன் 1979 நாவலில் இலங்கையைப் போன்ற ஒரு தீவை 800 கி.மீ. தெற்கே நகர்த்தி வைத்துக்கொண்டார். ஒகேனக்கல் ஏறக்குறைய 12 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மேல் நிலையம் தலைக்கு நேர் மேலே இருக்காது, தெற்கு வானில் சுமார் 76 பாகை உயரத்தில் இருக்கும். நம் ஊர் டிடிஎச் டிஷ் தெற்குப் பக்கம் பார்ப்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே கம்பி தெற்கே சாய்ந்துதான் போகும். போஸ்டரில் அருவிக்கு மேல் நெட்டுக்குத்தாக வரைந்தால் விவரம் தெரிந்தவர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

மாம்பழத்தை விடாதீர்கள், நல்ல விஷயம் அதில்தான் இருக்கிறது. சுமார் 2,640 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு பாதியாகிவிடும். அதாவது கிளம்பி 13 மணி நேரத்தில் 10 கிலோ பெட்டி ஸ்பிரிங் தராசில் 5 கிலோதான் காட்டும். தட்டுத் தராசில் அதே 10 கிலோவே நிற்கும், ஏனென்றால் எடைக்கல்லும் சேர்ந்து லேசாகிவிடுகிறது. மண்டி வியாபாரிக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொன்று. பெட்டியிலிருந்து ஒரு பழம் நழுவினால்? சுமார் 23,400 கி.மீ.க்குக் கீழே நழுவியது பூமிக்குத் திரும்பி வளிமண்டலத்தில் எரிந்துபோகும். அதற்கு மேலே நழுவியது விழாமல் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். 200 கி.மீ. வேகக் கணக்கில் அந்த எல்லை ஐந்தாம் நாள் வருகிறது.

கம்பிக்குத்தான் பொருள் இல்லை. உயர்தர எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டால் சில பத்து கி.மீ. நீளத்திலேயே தன் எடை தாங்காமல் அறுந்துவிடும். கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்) தாங்கக்கூடும், ஆனால் 2013இல் ஆய்வகத்தில் வளர்த்த நீளமான குழாயே 55 செ.மீ.தான்.

நடுகல்:
உங்கள் பொய் அந்தக் கம்பியாகவே இருக்கட்டும். ஒரே ஒரு பொய், மற்றதெல்லாம் துல்லியம்.

1948இல் எழுத்தாளர் ஐசக் அசிமோவ் ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழில் தியோடிமோலின் என்று ஒரு போலி வேதியியல் கட்டுரை எழுதினார். தண்ணீர் ஊற்றுவதற்கு 1.12 வினாடி முன்பே கரைந்துவிடும் பொருள் அது. பொய் அந்த ஒன்றுதான். அட்டவணை, வரைபடம், மேற்கோள் பட்டியல் எல்லாம் அசல் ஆய்வுக்கட்டுரை போலவே இருக்கும். படிக்கிறவன் அந்த ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டுச் சிரிக்கிறான். ஐந்து பொய் இருந்தால் எதைப் பார்த்துச் சிரிப்பது என்றே தெரியாது.

பெயர் விஷயம்: நண்பர் பெயரைக் கதைக்குள் நுழைப்பது ரசிகர் வட்டத்தில் பழைய வழக்கம். பாப் டக்கர் என்ற ரசிகர், பிறகு எழுத்தாளரானவர், அவர் பெயராலேயே அதை டக்கரைசேஷன் என்பார்கள். அதே டக்கர் இறந்துவிட்டார் என்று 1936இல் யாரோ அனுப்பிய கடிதம் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் அச்சாகிவிட்டது. ஆள் உயிரோடுதான் இருந்தார். எனவே பெயர் போடும் முன் அவரவரிடம் தனியாகக் கேட்டு, அந்த வரியைக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். குழுவில் பொதுவாகக் கேட்டால் மறுக்க நினைப்பவர்கூடக் கூச்சத்தில் சரி என்றுவிடுவார். சாவு, நோய், கைது, கடன் நான்கும் யார் பெயரோடும் வேண்டாம்.

கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன். இந்த மாதிரிக் குழுக்களில் அடுத்ததாக கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் கல்திட்டைகளை (பழங்கால ஈமச் சின்னங்களை) வைத்து ‘வேற்றுக்கிரகவாசி வீடு’ என்று ஒரு ஜோக் வரும். அதைத் தடுத்துவிடுங்கள். கல்லை நிறுத்தி, பலகைக்கல் ஏற்றி, வட்டமாக இடுதுளை குடைந்து அதைக் கட்டியவர்கள் இந்த மண்ணின் மனிதர்கள். ஜோக்கை நம்பிப் போகிறவர்கள் மேலே ஏறி செல்ஃபி எடுப்பார்கள், பலகைக்கல் பெயர்ந்தால் திரும்ப வைக்க ஆளில்லை.

தென்பெண்ணை:
ஃபார்வர்டு பற்றி. இது கற்பனை என்ற குறியை அறிவிப்புப் படத்துக்குக் கீழே எழுதினால் பயனில்லை. ஃபார்வர்டு செய்யும்போது அந்த வரியைத் தட்டிவிடலாம், ஓரத்தில் போட்ட முத்திரையை வெட்டிவிடலாம். மங்கலான வாட்டர்மார்க்கும் இரண்டு கை மாறுவதற்குள் தேய்ந்துவிடும். ‘கற்பனை அறிவிப்பு’ என்பதைத் தலைப்புக்குள்ளேயே, தலைப்பின் அதே தடிமனில் போடுங்கள். வெறும் எழுத்துச் செய்தியாக அனுப்பவே வேண்டாம், யார் வேண்டுமானாலும் இரண்டு வரியை மாற்றிவிடுவார்கள்.

‘எல்லோருக்கும் நீக்கு’ கொடுத்தாலும் வெளியே போன பிரதி போகாது. வாட்ஸப்பில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்குத்தான் அனுப்பலாம், பலமுறை கைமாறியது என்றால் ஒருவருக்குத்தான். அது வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

அரசு முத்திரை, கலெக்டர் அலுவலகத் தலைப்பு, கையெழுத்து எதுவும் கூடாது. முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950, 2005 சட்டங்கள் இருக்கின்றன, வதந்திக்குக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவு இருக்கிறது. போன் நம்பர், கியூஆர், ரூபாய்க் கட்டணம் மூன்றும் ஆபத்து. உங்கள் படத்தின் மேல் தன் நம்பரை ஒட்டி வசூல் செய்ய ஒருவன் வருவான். கட்டணத்தை ‘இரண்டு படி ராகி’ என்று வையுங்கள், அதை யாராலும் ஜிபே பண்ண முடியாது.

தேதி, மணி கொடுத்து ‘வாருங்கள்’ என்று எழுதாதீர்கள். 1976 ஏப்ரல் 1 அன்று பிபிசி வானொலியில் வானியலாளர் பேட்ரிக் மூர் விளையாட்டாக, காலை 9:47க்குக் கோள்கள் நேர்கோட்டில் வருவதால் ஈர்ப்பு குறையும், குதித்தால் மிதப்பீர்கள் என்றார். மிதந்தோம் என்று ஜனங்கள் போன் செய்தார்கள். நீங்கள் மணி குறித்தால் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நிஜமாகவே நாலு பேர் வந்து நிற்பார்கள்.

பரிசல்துறை:
மூவருக்கும் நன்றி. மாற்றிய வாசகம்:

‘கற்பனை அறிவிப்பு: ஒகேனக்கல் விண்வெளி லிஃப்ட். முறுக்கிய கத்தாழை நார்க் கயிறு, தெற்கே சாய்வு. கட்டணம் இரண்டு படி ராகி. பயணம் 7 நாள் 11 மணி நேரம், கடைசி நிறுத்தம் 35,786 கி.மீ., அங்கே கயிறு முடியும். மாம்பழ வியாபாரிகள் தட்டுத் தராசு மட்டும் கொண்டுவரவும். ஐந்தாம் நாள் முதல் ஜன்னல் வழியே நழுவும் பழத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல, அது திரும்பி விழாது.’

பெயர்களை எடுத்துவிட்டோம். சம்மதம் வந்த பிறகு சேர்க்கிறோம்.

சுழல்விசை:
ஒரே திருத்தம். ‘அங்கே கயிறு முடியும்’ என்பதை எடுத்துவிடுங்கள். அங்கே முடிந்தால் கயிற்றின் மொத்த எடையும் கீழே இழுத்து நிலையத்தையே இறக்கிவிடும். கயிறு அதற்கு மேலும் போக வேண்டும். நுனியில் கனமான எதிர் எடை கட்டினால் நீளத்தைக் குறைக்கலாம், கட்டாவிட்டால் சுமார் 1,44,000 கி.மீ. வரை நீளும். கத்தாழை நார்தான் உங்கள் ஒரே பொய், இது இரண்டாவதாகிவிடும். ‘இறங்கும் நிறுத்தம் 35,786 கி.மீ., கயிறு மேலும் செல்லும்’ என்று போடுங்கள்.

ஐந்தாம் நாள் கணக்கும் கொஞ்சம் இறுக்கம். 23,400ஐ 200ஆல் வகுத்தால் 117 மணி, அதாவது 4 நாள் 21 மணி நேரம். ஐந்தாம் நாள் முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போதுதான் எல்லை வருகிறது. ‘ஆறாம் நாள் முதல்’ என்று எழுதினால் பழம் நிச்சயமாகச் சுற்றுப்பாதையில்தான் இருக்கும்.