வீட்டுக்கு டிசி ஒயரிங்: 12 வோல்ட்டா, 48 வோல்ட்டா?

கேள்வி: மாடியில் சோலார் பேனல், கீழே 12 வோல்ட் பேட்டரி. இன்வர்ட்டர் இல்லாமல் எல்இடி விளக்கும் பிஎல்டிசி ஃபேனும் (டிசி மோட்டார் உள்ள ஃபேன்) நேரடியாக டிசியில், அதாவது பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரத்தில் ஓடுகின்றன. கடைசி அறையில் மட்டும் ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிறது. அங்கே அளந்தால் 10.8 வோல்ட்தான். ஏன்?

பதில் 1: மீதி ஒயரிலேயே போகிறது. 120 வாட் லோடுக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும். 48 வோல்ட்டில் 2.5தான். ஒயர் இழப்பு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது; அதனால் அதே ஒயரில் இழப்பு 16-ல் ஒரு பங்கு. சென்னை ஐஐடி குழு வீடுகளுக்கு 48 வோல்ட் டிசியை எடுத்துக்கொண்டது சும்மா இல்லை.

பதில் 2: 48-க்கு மாற்றும் முன் சுவிட்சையும் பாருங்கள். ஏசி, அதாவது லைனில் வரும் திசை மாறும் மின்சாரம், நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் சுவிட்சை அணைக்கும்போது வரும் பொறி தானே அணையும். டிசியில் அப்படி இல்லை. 48 வோல்ட்டில் நான் போட்ட சாதா சுவிட்சைக் கழற்றினால் முனை கரிக்கட்டை!

கேட்டவர்: சரி, சுவிட்சும் மாற்றுகிறேன். மிக்சிக்கு மட்டும் பழைய ஏசி லைன் இருக்கட்டும், அம்மா விடமாட்டார்.