ஆக்சஸ் ஃபோர்ம்ல தெரிவு செய்யிற திகதிக்கு டிகவுண்ட் (ரெக்கோர்ட் எத்தனைன்னு எண்ணுற ஃபங்ஷன்) 0 காட்டுது

ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஆபிஸ்ல செக்ரோல (ஆளுங்களோட வேலை நாள் குறிக்கிற பதிவேடு) ஆக்சஸ்ங்கிற டேட்டாபேஸ் மென்பொருள்ல ஏத்திக்கிட்டு இருக்கேன், ஃபோர்ம்ல பிரிவையும் திகதியையும் தெரிவு செஞ்சா அன்னைக்கு எத்தனை அரைப்பேர் (அரை நாள் கணக்கு) விழுந்திருக்குன்னு ஒரு பெட்டியில காட்டணும். பிரிவு மட்டும் போட்டா எண்ணிக்கை சரி. திகதியையும் ஹேஷுக்குள்ள (# குறிக்குள்ள) சேர்த்தா 25/03க்கு சரியா வருது, 05/03க்கு 0 வருது, ஆனா டேபிள்ல ரெக்கோர்ட் இருக்கு. சம்பள நாள் கிட்டுது அண்ணேமாரே, யாருக்கும் பேர் குறையக்கூடாது.

பதில்:
தம்பி, ஹேஷுக்குள்ள வர்ற திகதிய ஆக்சஸ் அமெரிக்க முறையில மாசம் முன்னுக்குன்னுதான் படிக்கும், நம்ம கம்ப்யூட்டர்ல நாள் முன்னுக்கு இருக்கிறதால 05/03 மே 3 ஆயிடுது, 25ஆவது மாசம்னு ஒன்னு இல்லாததால 25/03ஐ மட்டும் அதுவா திருப்பிப் படிச்சுக்குது. ஃபோர்மட் ஃபங்ஷன் போட்டு வருசம்-மாசம்-நாள்னு மாத்தி ஹேஷுக்குள்ள குடுங்க, 2024-03-05 மாதிரி. பிரிவு எழுத்துங்கிறதால அதுக்கு ஒத்தை மேற்கோள் வேணும், [பிரிவு]='மேப்பிரிவு'ன்னு.

இன்னொரு பதில்:
அதவிட லேசான வழி, பெட்டியோட மதிப்ப வெளிய எடுத்து ஒட்டாம ஃபோர்ம் பேர், பெட்டி பேர் ரெண்டையும் முழுசா நிபந்தனையோட மேற்கோளுக்குள்ளயே எழுதிடுங்க. ஹேஷும் வேணாம், ஒத்தை மேற்கோளும் வேணாம், ஆக்சஸே போய் பார்த்துக்கும். ஃபோர்ம் மட்டும் திறந்திருக்கணும்.

ஒன்னு பாருங்க, திகதியோட நேரமும் சேர்ந்து பதிவாகியிருந்தா இதுலயும் 0தான் வரும், அப்ப அந்த நாளுக்கு சமம் அல்லது பெருசு, அடுத்த நாளவிட சிறுசுன்னு குடுங்க.

கேட்டவர்:
ரெண்டாவது வழிதான் போட்டேன், 05/03க்கும் வந்துடுச்சு. மத்த பிரிவுகளையும் செக்ரோல் புத்தகத்தோட ஒத்துப் பார்த்துட்டு சொல்றேன் அண்ணே.