வீட்டுக்குப் பின்னாடி இருக்கற குன்றுல கோண்டோ (அடுக்குமாடி வீடு) வரப்போகுதாம், தடுக்க வழி இருக்கா?

மலையோரம்:
வணக்கம். நாங்க கோலாலம்பூர்ல வங்சா மாஜு பக்கம். எங்க தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) பின்னாடி ஒரு குன்று இருக்கு, ஒரு காலத்துல ரப்பர் தோட்டம், இப்போ காடாவே மாறிப்போச்சு, காலையில லோத்தோங் குரங்கு கூட்டமா வரும், வயசானவங்க எல்லாம் அங்கதான் நடக்கப் போவாங்க. இப்ப பாதையோரத்துல கோண்டோ கட்டப்போறதா போர்டு நட்டுட்டாங்க. குன்றை அப்படியே இயற்கைப் பூங்காவா விட்டு வைக்கச் சொல்லிக் கேக்கணும், எங்க ஆரம்பிக்கறது? மனசே ஆறல.

செம்மண்:
முதல்ல போர்டை போட்டோ எடுங்க, லாட் நம்பர் (நிலத்தோட எண்) வேணும். ஆட்சேபத்துக்கு கெடு போட்டிருந்தா அதுக்குள்ள எழுத்துல டிபிகேஎல்-க்கு (கோலாலம்பூர் மாநகராட்சிக்கு) குடுத்துடுங்க, ஒவ்வொரு வீடும் தனித்தனியா. அப்புறம் பெஜாபாட் தானாவுல (நில அலுவலகத்துல) நிலம் யார் பேர்லன்னு பாருங்க, தனியார் நிலம்னா அரசாங்கம் காசு குடுத்துதான் எடுக்கணும், அது ரொம்பக் கஷ்டம், அதனாலதான் சொல்றேன். 2025-ல கெஜட் ஆன (அரசிதழ்ல வந்த) கோலாலம்பூர் 2040 லோக்கல் பிளான்ல அந்த லாட்டை எதுக்குன்னு ஒதுக்கியிருக்காங்கன்னும் பாத்துடுங்க.

கியாரா_பேரன்:
தாமான் ரிம்பா கியாரா கேஸை படிங்க அண்ணே. பூங்கா நிலத்துல 8 கோண்டோ பிளாக் கட்ட 2017-ல அனுமதி குடுத்தாங்க, அங்க இருக்கற டிடிடிஐ (தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்) மக்கள் கோர்ட்டுக்குப் போனாங்க, 2023 ஏப்ரல்ல ஃபெடரல் கோர்ட் அந்த அனுமதியையே ரத்து பண்ணிருச்சு. ஸ்ட்ரக்சர் பிளான்ல (நகரத்தோட மொத்த வளர்ச்சித் திட்டத்துல) பூங்கான்னு இருக்கறதை டத்தோ பண்டார் (மேயர்) இஷ்டத்துக்கு மீற முடியாது, மீறினா காரணம் சொல்லணும்னு தீர்ப்பு.
ஆனா ஒண்ணு, அந்த பிராஜெக்ட்லயே எங்க ஆளுங்களுக்கும் ஒரு பிளாக் இருந்துச்சு. புக்கிட் கியாரா தோட்டத்துல ரப்பர் பால் எடுத்த குடும்பங்க, தோட்டத்தை எடுத்தப்புறம் லயத்து வீட்டுலயே 40 வருஷம் ஓடிப்போச்சு. காட்டைக் காப்பாத்தணும், சரி, அந்தப் பாட்டிங்களுக்கு வீடு எங்கன்னு கேக்காம விட்டா அது நியாயமே இல்ல. உங்க குன்று அடிவாரத்துலயும் பழைய தோட்டத்து ஆளுங்க இருந்தா முதல் நாள்லயே அவங்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க.

உலுகிளாங் அக்கா:
தம்பி, சரிவைப் பத்தியும் கண்டிப்பா எழுதுங்க. எங்க உலு கிளாங் பக்கம் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிஞ்சுது, 1993 டிசம்பர் 11, 48 பேர் போயிட்டாங்க. மேல மரத்தை வெட்டித் திறந்து விட்ட இடத்துல இருந்து மழைத் தண்ணி வழி மாறி இறங்கி, தடுப்புச் சுவரெல்லாம் சரிஞ்சு கட்டடத்தையே தள்ளிருச்சு. மண் ஆய்வு அறிக்கை எங்க, அதை மக்களுக்குக் காட்டுவீங்களான்னு கேளுங்க. குரங்கு, பறவைன்னு மட்டும் எழுதினா ஓரமா வெச்சுடுவாங்க லா, உயிர் போகும்னா பதில் சொல்லியே ஆகணும்.

செம்மண்:
அக்கா சொன்னது சரி. இன்னொண்ணு, அனுமதி ரத்தானா மட்டும் போதாது, குன்றைப் பூங்கான்னு கெஜட் பண்ணச் சொல்லிக் கேளுங்க. கெஜட் ஆன பிறகும் கண்ணு வெச்சிருக்கணும், நகரத்து நடுவுல இருக்கற புக்கிட் நானாஸ் பாதுகாப்புக் காடு 1906-ல 17.5 ஹெக்டர், இப்போ 10 ஹெக்டர் கூட இல்ல.

மலையோரம்:
ரொம்ப நன்றி. அடிவாரத்துல கோயில் பக்கம் பழைய தோட்டத்துக் குடும்பங்க இருக்காங்க, இதுவரைக்கும் யாருமே அவங்ககிட்ட பேசல. ஞாயித்துக்கிழமை போய்ப் பேசறேன். லாட் நம்பரை நாளைக்குப் போடறேன், ஆட்சேபக் கடிதம் எழுத யாராச்சும் உதவி பண்ணுங்க.